கூண்டு ஏற்றினால் புயல் வந்தே தீருமா?

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘கூற்று–அனுமானம்’ கேள்விகளில் கொடுத்திருப்பது எல்லாமே சரியாகத் தோன்றுகிறது. ‘எல்லா’, ‘மட்டும்’ என்று வந்தால் யோசிக்காமல் தள்ளிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பாதிக் குழப்பம் உங்களுடையது அல்ல, ‘அனுமானம்’ என்ற சொல்லுடையது. சொன்னதை வைத்து நாம் ஊகிப்பதும் அனுமானம், சொன்னவர் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பியிருப்பதும் அனுமானம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இங்கே கேட்பது இரண்டாவது.

உங்கள் ஊர் விஷயத்தையே எடுப்போம். ‘துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாயிற்று. ஆகவே நாளை ஒரு படகும் கடலுக்குப் போகாது.’

இதற்கு இரண்டு அனுமானங்கள் கொடுத்திருப்பதாக வையுங்கள். ஒவ்வொன்றையும் மறுத்துப் பார்த்து, எதை மறுத்தால் முடிவு கவிழ்கிறதோ அதுவே விடை. ஒன்று: கூண்டு ஏற்றினால் புயல் வந்தே தீரும். இதை மறுத்துப் பாருங்கள். புயல் திசைமாறிப் போனாலும் போகலாம். அப்போதும் படகுகள் கரையில்தான் நிற்கும். முடிவு அசையவில்லை, எனவே இது தேவையில்லை. இரண்டு: கூண்டு ஏறியபின் கடலுக்குப் போகும் படகு எதுவும் இல்லை. மறுத்தால், ஏதோ ஒரு படகு போகிறது. முடிவு அங்கேயே கவிழ்ந்தது. இதுதான் விடை.

கவனித்தீர்களா? ‘எதுவும் இல்லை’ என்று ஒட்டுமொத்தமாகச் சொன்னதே விடையாயிற்று. முடிவில் ‘ஒரு படகும்’ என்று இருப்பதால் அனுமானமும் அந்த அளவுக்கு நீள வேண்டியிருக்கிறது. முடிவு ‘பெரும்பாலான படகுகள் போகா’ என்றிருந்தால் அதே வாக்கியம் தேவைக்கு மிஞ்சியது.

மறுப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ‘எல்லோரும் வருவார்கள்’ என்பதற்கு மறுப்பு ‘ஒருவரும் வரமாட்டார்கள்’ இல்லை. ‘யாரோ ஒருவராவது வரமாட்டார்’ என்பதே. ‘சிலர் வருவார்கள்’ என்பதற்குத்தான் ‘ஒருவரும் வரமாட்டார்கள்’. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இங்கே மார்க்கை விடுகிறார்கள்.

அந்த ‘சொல்லைப் பார்த்துத் தள்ளு’ வித்தை, டெலிகிராமில் பிடிஎஃப் விற்பவர்களின் சரக்கு. வங்கித் தேர்வுக் கேள்வித்தாளைத் தேர்வு நடத்துகிறவர்கள் வெளியிடுவதில்லை. எழுதிவிட்டு வந்தவர்களின் ஞாபகத்தில் தேறியதை இந்த பிடிஎஃப்காரர்கள் தொகுத்து, விடையையும் தாங்களே போட்டு, ‘நூறு சதவீதம் உறுதி’ என்று காசு வாங்குகிறார்கள். தாளை வெளியிட்டால் இந்த வியாபாரம் மறுநாளே படுத்துவிடும். யார் கேட்கிறார்கள்!

தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மார்க்கில் கால் பங்கு கழியும். அதனால் மறுத்துப் பார்க்க நேரமில்லாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.