மொறிஸ் மைனருக்கு ஸ்வே பார்: மச்சானிடம் எதைக் கொண்டுவரச் சொல்வது?

கேள்வி: என்னிடம் இருப்பது 1966 மொறிஸ் மைனர் 1000, அப்பப்பாவின் கார். 1098 சிசி எஞ்சின். ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வந்து, ஏ-9 வழியாக வவுனியாவுக்கு அடிக்கடி ஓடுகிறேன். 70ஐத் தாண்டினால் கார் நேராகப் போகாமல் அலைகிறது. மாட்டுக்கு விலத்தி ஒடித்தால் ஒரு பக்கம் படுக்கிறது. லண்டனில் இருக்கும் மச்சான் ஆவணியில் வருகிறார். அங்கே முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்வே பார், அதாவது வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி, வாங்கலாமாம். 16 மில்லிமீற்றரும் இருக்கிறது, 19உம் இருக்கிறது. மொத்தமானதையே வாங்கி இரண்டு பக்கமும் பூட்டினால் நல்லதுதானே?

பதில்: முன்னுக்கு மட்டும், 16 மில்லிமீற்றர். பின்னுக்கு வேண்டாம். அதையும் கார் அலைவதைத் திருத்திய பிறகு பூட்டுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளில் ஒன்றைத்தான் பார் தீர்க்கும்.

முதலில் அலைச்சல். மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் ஏ-9இல் பெரிய வளைவுகள் குறைவு. நேர் வீதியில் ஸ்வே பாருக்கு வேலையே இல்லை. அங்கே கார் அலைகிறது என்றால் ட்ரனியன், ரயர், ஸ்டியரிங் மூட்டுகள், பின் பட்டைவில்லின் (லீஃப் ஸ்பிரிங்) புஷ், இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்திருக்கும்.

ட்ரனியனை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மைனரின் முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு மேலும் கீழும் ட்ரனியன் என்ற துண்டுகளின் மரையில்தான் நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. கிறீஸ் போகாவிட்டால் மரை தேயும். முற்றாகத் தேய்ந்தால் கழன்று, சில்லு காருக்கு அடியில் மடிந்து விழும். இது மைனரின் பெயர்போன வருத்தம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பார் வாங்கும் காசு முதலில் அங்கே போகட்டும். கிறீஸ் அடிக்கும்போதும் சில்லைத் தூக்கிவிட்டே அடியுங்கள். பாரம் அழுத்திக்கொண்டிருந்தால் கிறீஸ் போக வேண்டிய பக்கத்துக்குப் போகாது.

அடுத்தது சொக், அதாவது ஆட்டத்தை அடக்கும் சொக் அப்சோபர். மைனரில் இருப்பது நெம்புகோல் வகை. முன்பக்கத்தில் அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கையும். அதனால் சொக்கின் உள் பெயரிங் தேய்ந்தால் சில்லின் சாய்வே மாறும். உள்ளே எண்ணெய் குறைந்திருந்தால் எஸ்.ஏ.இ. 20 சொக் எண்ணெய் விடுங்கள், பிரேக் ஒயில் அல்ல. காரின் மூலையை அமுக்கி விட்டால் ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும். தொடர்ந்து ஆடினால் பாரைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

ரயர் நான்கும் ஒரே வகையா என்று பாருங்கள். முன்னுக்கு ரேடியலும் பின்னுக்குப் பழைய குறொஸ் பிளையும் போட்ட கார் மழையில் பின்பக்கம் வீசும். முன் சில்லுகளின் உள்வாங்கல், அதாவது முன்னோரம் உள்நோக்கி நிற்கும் அளவு, 3/32 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 2.4 மில்லிமீற்றர்.

சரி, இனிப் படுக்கும் விஷயம்.

ஸ்வே பார் என்பது ‘ப’ வடிவில் வளைத்த ஸ்பிரிங் உருக்குக் கம்பி. நடுப்பகுதி சட்டத்தில் ரப்பர் புஷ்ஷுக்குள் கிடக்கும். இரண்டு முனைகளும் இரு பக்கக் கீழ்க் கைகளில் இணையும். இரண்டு சில்லும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால்தான் ஈரத்துணி பிழிவதுபோல் முறுகி எதிர்க்கும். வளைவில் உடல் சாய்வது குறைவது அதனால்தான்.

ஆனால் வளைவில் உள் சில்லில் இருந்து வெளிச் சில்லுக்கு மாறும் பாரத்தின் மொத்த அளவை எந்தப் பாரும் குறைப்பதில்லை. அது காரின் உயரம், அகலம், வேகம், வளைவின் இறுக்கம் இவற்றைப் பொறுத்தது. அந்தப் பாரத்தில் எவ்வளவு முன் சில்லுகளில், எவ்வளவு பின் சில்லுகளில் மாற வேண்டும் என்பதை மட்டும்தான் ஸ்வே பார் தீர்மானிக்கிறது. முன்னை இறுக்கினால் முன் ரயர்கள் முதலில் பிடி விடும். கார் திரும்ப மறுத்து வெளியே தள்ளும். பின்னை இறுக்கினால் பின்பக்கம் முதலில் வீசும். முன்பக்கம் தள்ளும்போது அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் கார் கைக்குள் வந்துவிடும். பின்பக்கம் வீசும்போது அதே காலை எடுத்தால் கார் சுற்றும். மாரியில், நனைந்த காபெட் வீதியில், கட்டாக்காலி மாட்டுக்கு ஒடிக்கிற நேரத்தில் இந்த இரண்டில் எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பின் பார் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைனரை ஓட்டுவது பின் சில்லுகள். பின்னை இறுக்கினால் வளைவில் உள் பின் சில்லு லேசாகி வெறுமனே சுழலும். முன்னை இறுக்கினால் அந்தச் சில்லு தரையோடு நிற்கும். மச்சான் விசாரிக்கும்போது கடைக்காரர் ‘அன்டி ட்ராம்ப் பார்’ என்று ஒன்றையும் காட்டக்கூடும். அது சாய்வைக் குறைக்க அல்ல, பட்டைவில் முறுகி அச்சு குதிக்காமல் பிடிக்க. உங்கள் எஞ்சினுக்கு அது தேவைப்படாது.

பின் பட்டைவில்லில் எத்தனை பட்டை இருக்கிறது என்றும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எங்கள் பக்கத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நெல் மூட்டை முதல் நோயாளி வரை எல்லாவற்றையும் ஏற்றின. அப்படிப் பாரம் இழுத்த கார்களில் பட்டை ஒன்றைக் கூட்டிப் போட்டிருப்பதற்கு இடமுண்டு. கூட்டிய பட்டை பின்பக்கத்தை உயர்த்தி, பின் பாரின் வேலையையும் ஓரளவு செய்துவிடும். பாரம் ஏற்றாத காரில் அதைக் கழற்றினாலே பின்பக்கம் அடங்கும்.

இனிக் கம்பியின் மொத்தம், அதாவது தடிப்பு பற்றி. 16க்கும் 19க்கும் 3 மில்லிமீற்றர்தானே என்று நினைப்போம். கம்பியின் முறுக்கு எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 19ஐ 16ஆல் வகுத்து, வரும் எண்ணை நான்கு தரம் எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 2 வரும். அதாவது இரு மடங்கு இறுக்கம். இங்கிலாந்தில் பந்தயத் திடலில் ஓட்டுபவருக்கு அது சரி. உங்கள் வீட்டுக்குத் திரும்பும் கடைசித் துண்டு கிரவல் வீதியாக இருந்தால், அல்லது குளக்கட்டால் போகிறீர்கள் என்றால், சரியே இல்லை. ஒரு பக்கச் சில்லு கிடங்கில் இறங்கும்போது பார் மற்றச் சில்லையும் சேர்த்து இழுக்கும். பார் எவ்வளவு மொத்தமோ, அவ்வளவுக்குக் கார் இடமும் வலமும் தலையாட்டும்.

இங்கேயே ஒரு பட்டறையில் கம்பி வளைத்துப் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். வேண்டாம். சாதாரணக் கம்பி வளைந்தபடியே நின்றுவிடும். ஸ்பிரிங் உருக்கு என்றால் வளைத்த பிறகு சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் ஏற்ற வேண்டும். முனையில் வெல்டிங் பிடித்தால் அந்த இடத்திலேயே ஒருநாள் வெடிக்கும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது சட்டத்தைத்தான். 60 வருடக் காரில் முன் சட்டக் கால்கள் உள்ளே இருந்து துருப்பிடித்திருக்கும். சுத்தியல் நுனியால் தட்டிப் பாருங்கள். மங்கிய சத்தம் வந்தால் முதலில் தகடு மாற்றுங்கள். பாரின் இழுவை முழுவதும் அந்த இரண்டு பிடிகளில்தான் வருகிறது. கார் சில்லில் நிற்கும்போதே கடைசி முறுக்கை இறுக்குங்கள். சமதரையில் நிற்கும்போது இணைப்புக் கம்பி கையாலேயே சிரமமில்லாமல் ஏற வேண்டும். நெம்பி ஏற்றினால் பார் எப்போதும் ஒரு பக்கம் முறுகியே இருக்கும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, ரயரும் பிரேக் ஹோஸும் பாரில் படுகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

புஷ் ரப்பராகவே இருக்கட்டும். பொலியூரிதேன் நீண்ட நாள் உழைக்கும் என்பார்கள். ஆனால் அதற்குரிய சிலிக்கன் கிறீஸ் காய்ந்து எங்கள் செம்மண் புழுதி புகுந்தால் கிறீச்சிடும். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிறீஸ் பூச வேண்டாம், அது ரப்பரைத் தின்னும்.

மச்சானிடம் 16 மில்லிமீற்றர் முன் பார் ஒன்று, புஷ் இரண்டு செட், ட்ரனியன் ஒரு சோடி சொல்லுங்கள். ட்ரனியனில் இடதும் வலதும் வேறு மரை, மாற்றி வாங்கிவிடக் கூடாது. பாரோடு வரும் போல்ட் நட்டுகளையும் விடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். மைனரில் பெரும்பாலும் யூ.என்.எஃப். என்ற அங்குலக் கணக்கு மரை; எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஒரு நட்டுக்காகக் கொழும்புப் பஞ்சிகாவத்தை வரை போக வேண்டிவரும்.