கேளுங்கள், சொல்கிறோம்: சேற்றில் ஒட்டும் சாயம்

கேள்வி: கழிமுகச் சேறு மெத்திலீன் புளூவை எவ்வளவு பிடிக்கிறது என்று சோதித்தேன். ஆற்றுநீரில் நிறம் சட்டென்று வெளுத்தது. கடல்நீரில் அவ்வளவு வெளுக்கவில்லை. ஒட்டிய சாயம் திரும்ப வெளிவருமா?
– கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

பதில்: வரும், முழுவதும் வராது. மெத்திலீன் புளூ நேர்மின்சுமை கொண்ட பேசிக் சாயம். களித்துகளின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருப்பதால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 10.8 கிராம் சோடியமும் 1.3 கிராம் மெக்னீசியமும் அதே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. ஆற்றில் சாயத்தைப் பிடித்த வண்டல் கழிமுகத்துக்கு வந்ததும் அதில் ஒரு பங்கை விடுவது இதனால்தான். ஆகவே ஆற்றுநீரில் ஒட்டவைத்து, கடல்நீரில் விடுவித்துப் பாருங்கள்.

நிழலில் உலர்த்தி 63 மைக்ரான் சல்லடையில் சலித்த சேறு 0.5 கிராம், லிட்டருக்கு 10 மி.கி. சாயக் கரைசல் 100 மி.லி. இருட்டில் 24 மணி நேரம் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீர் (தெளிவு) 664 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளவிடுங்கள். தெளிவில் லிட்டருக்கு 2 மி.கி. மிஞ்சினால், ஒட்டியது 0.8 மி.கி.; அதாவது கிராமுக்கு 1.6 மி.கி.

வடிதாள் மட்டும் வேண்டாம். அதன் செல்லுலோஸே நீலத்தை இழுத்துக்கொள்ளும். அது சேற்றின் கணக்கில் ஏறிவிடும். கண்ணாடியும் கொஞ்சம் இழுக்கும் என்பதால் சேறில்லாத குடுவை ஒன்றும், சேற்றின் சொந்த நிறத்தைக் கழிக்கச் சாயமில்லாத குடுவை ஒன்றும் கூடவே ஓடட்டும். உப்பில் இந்தச் சாய மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்வதால் அளவீடு மாறும். எந்த நீரில் அளக்கிறீர்களோ அதே நீரில், தெரிந்த அளவுச் சாயக் கரைசல்களை வைத்து ஒப்பிடும் அளவுக்கோடு போடுங்கள்.

பிறகு தெளிவைக் கொட்டிவிட்டு, குழாயை எடைபோட்டுச் சேற்றிடையே தங்கிய நீரைக் கணக்கிட்டுக் கழியுங்கள். பலரும் விடுவது இந்தப் படியைத்தான். விட்டால் தங்கிய சாயமும் ‘வெளிவந்தது’ என்று பதிவாகும். புதுக் கடல்நீர் 100 மி.லி. ஊற்றி மறுபடி 24 மணி நேரம் குலுக்குங்கள்; இப்படி மூன்று முறை. பெரும்பாலும் முதல் முறையில்தான் அதிகம் வரும். களியின் அடுக்குகளுக்குள்ளும் மட்கிய கரிமப் பொருளுக்குள்ளும் புகுந்தது லேசில் வராது.

கேள்வி: ரியாக்டிவ் சாயம் கருஞ்சேற்றில் நிறமிழந்துவிடுகிறதே, நல்லதுதானே?
– வாசகர், கடலூர்

பதில்: இல்லை. துணி இழையோடு வேதிப்பிணைப்பாகும் ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை, அதாவது இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த பிணைப்பு கொண்டவை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிரிகளும் சல்பைடும் அசோ பிணைப்பை முறிக்கும்போது நிறம் போகும்; அரோமாட்டிக் அமீன்கள் மிஞ்சும். அவற்றில் சில நச்சுத்தன்மை கொண்டவை, சில புற்றுநோய் தரக்கூடியவை. நிறத்தை மட்டும் அளந்து ‘சேறு சுத்தம்’ என்று எழுதிவிடக் கூடாது, கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் அமீன்களையும் பார்த்தே ஆக வேண்டும்.