பட்டிக்கு அடிக்கும் உண்ணி மருந்தைப் பெர்சியன் பூனைக்கு அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மூலனூருக்குப் பக்கம். கொறங்காட்டில் முப்பது செம்மறி, கட்டுத்தறியில் நாலு மாடு, கொஞ்சம் முருங்கை, கண்வலிக்கிழங்கு. சென்னையில் இருக்கும் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கூடவே அவள் வளர்க்கும் வெள்ளைப் பெர்சியன் கடுவன் பூனையும் வந்துவிட்டது. பத்து மாதம், மூன்றரைக் கிலோ. வந்து மூன்று வாரத்தில் வயிற்றுப் பக்கம் முடி சடை பிடித்துவிட்டது. கண்ணில் நீர் வடிந்து மூக்கோரம் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. பாலும் தயிர்ச்சோறும் வைக்கிறோம், கழிகிறது. இரண்டு நாளாய்க் காதோரம் உண்ணி தெரிகிறது. ஆட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தண்ணீர் கூட்டி இதற்கும் அடிக்கலாமா? வாயும் வயிறுமாய் இருக்கிற பெண் பூனையோடு இருக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா? எலி பிடிக்க வெளியே விடலாமா?

பதில்: முதலில் அந்த மருந்து டப்பாவை மூடி வையுங்கள். எவ்வளவு தண்ணீர் கூட்டினாலும் வேண்டாம்.

ஆடு மாடுகளுக்கு நாம் அடிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரல் சரியாகச் செய்யாது. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் அப்படித்தான். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவு பூனைக்கு நடுக்கம், வலிப்பு, சில சமயம் சாவு வரை கொண்டுபோகும். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தும் ஆகாது. பட்டியில் மருந்து அடிக்கும் நாளில் பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அடித்த கையோடு அதைத் தூக்கவும் வேண்டாம். முடியில் பட்டதை நக்கியே உள்ளே இறக்கிவிடும். தவறிப் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு அலசிவிட்டு, நடுக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள்.

இரண்டு மூன்று உண்ணிதான் என்றால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். அதற்கு மேல் இருந்தால் பூனைக்கென்றே ஃபிப்ரோனில் போன்ற சொட்டு மருந்துகள் கிடைக்கின்றன. எடையைச் சொல்லி, மருத்துவர் குறித்துத் தருவதை மட்டும், நாக்கு எட்டாத பிடரியில் முடியை விலக்கித் தோலில் விடுங்கள். வேப்பெண்ணெய் தடவச் சொல்லி யாராவது வருவார்கள். அதுவும் நக்கி உள்ளே போகிற சரக்குதான்.

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும், உங்கள் பூனை போலொன்று போய்விட. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறி, மூச்சு வாங்கும். பூனையின் இயல்பான சூடே ஏறக்குறைய 100.5-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்குச் சுடுவது போலத்தான் இருக்கும்.

அடுத்தது சடை. உங்கள் ஊர்க்காரருக்கு இனம் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் பண்ணையில் காங்கேயம் மாட்டைப் பொறுக்கி வளர்த்தது இழுவைக்கும் வறட்சிக்கும். பெர்சியனைப் பொறுக்கியது அழகுக்கு. 1871-இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சியிலேயே பெர்சியன் இருந்தது. அதற்குப் பிறகு முடியை நீளமாக்கியும் மூக்கைக் குட்டையாக்கியும் கொண்டே வந்தார்கள். கடைக்காரர்கள் டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று விலை ஏற்றிச் சொல்வதெல்லாம் மூக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்கிற கணக்குதான். விளைவு, நாட்டுப் பூனை நாக்காலேயே முடித்துக்கொள்ளும் வேலையைப் பெர்சியன் தானாகச் செய்ய முடியாது. நாம்தான் செய்ய வேண்டும். பால் கறப்பது போல, நாள் தவறாமல்.

சடையைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, இழுத்தால் கூடாரத் துணி மாதிரி சடையோடு மேலே எழும்பி வரும். முடிதான் என்று நினைத்து வெட்டுவோம், தோலும் சேர்ந்து வந்திருக்கும். அக்குளில் இரண்டு அங்குலத்துக்கு அப்படி வெட்டுப்பட்டு வந்த பூனைக்கு நானே தையல் போட்டிருக்கிறேன். வெட்டியவர் நல்ல கைப்பழக்கம் உள்ள தையல்காரர்.

செய்யும் முறை இது. பூனை தூங்கி எழுந்து சோம்பலாய் இருக்கும் நேரம் பார்த்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். சடை மேல் ஒரு சிட்டிகை சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) தூவி, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாகப் பிரியுங்கள், நாலாகப் பிரியுங்கள். ஒரு கை விரல்கள் சடைக்கும் தோலுக்கும் நடுவில் முடியின் அடியைப் பிடித்திருக்கட்டும். அப்போதுதான் இழுப்பு தோலுக்குப் போகாது. பிறகு அகலப் பல் இரும்புச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி அடி நோக்கி வாருங்கள். அடியிலிருந்து தொடங்கினால் முடிச்சு இறுகும், பூனை கடிக்கும், மறுநாள் சீப்பைப் பார்த்ததும் கட்டிலடியில் போய்விடும். ஒரே உட்காரலில் முடிக்க வேண்டும் என்றில்லை. கம்பளம் மாதிரித் தோலோடு ஒட்டிப்போயிருந்தால் விட்டுவிடுங்கள், மருத்துவமனையில் மெஷின் வைத்து எடுத்துவிடுவார்கள்.

அப்புறம் தினமும் பத்து பதினைந்து நிமிடம் போதும். முதுகு பளபளவென்று இருக்கும், நாமும் ஏமாந்துவிடுவோம். சடை பிடிப்பது காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில், வால் அடியில். அங்கே சீப்பு போக வேண்டும். குளிப்பாட்டுவது மாதம் ஒரு முறை போதும், பூனை ஷாம்புவால். ஆனால் சடையை எடுத்த பிறகுதான் தண்ணீர். நனைந்த சடை காய்ந்தால் தேங்காய் நார்க் கயிறு போல முறுக்கிக்கொள்ளும். முடியை அடிவரை உலர்த்தாமல் விட்டால் பூஞ்சை வரும். வாரும்போது வட்டமாய் முடி கொட்டி, செதில் தட்டிய இடம் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். பெர்சியனில் இது சகஜம், வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒட்டும். காட்டிவிடுங்கள்.

கண்ணீர் வடிவது குட்டை மூக்கின் கூலி. கண்ணீர் வடியும் குழாய்க்கு அந்த முகத்தில் வழி நெருக்கடி. கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை துடையுங்கள், கண்ணுக்கு ஒரு பஞ்சு. பழுப்புக் கோடு பற்றிக் கவலை வேண்டாம். பச்சையோ மஞ்சளோ பீளை வந்தாலும், ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். கடையில் சொல்லி வாங்கிய கண் சொட்டு மருந்து வேண்டாம். கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு கலந்த மருந்து விழுந்தால் கண்ணே போகலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். பால் குடித்து வளர்வது குட்டிப் பருவத்தோடு சரி. அதன் பிறகு பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். கழிச்சலுக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான். பாலை நிறுத்தி இரண்டு நாளில் கட்டவில்லை என்றால் மலத்தைப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள், குடற்புழுவாகவும் இருக்கலாம். தயிர்ச்சோறு வயிற்றை நிரப்பும், பூனையை வளர்க்காது. பூனைக்கு டாரின் என்கிற சத்து வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அரிசியிலும் பருப்பிலும் கிடையாது. டாரின் குறைந்தால் பார்வை மங்கும், இதயத் தசை தளரும். இதயத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1987-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் நிரூபித்த பிறகு, விற்கிற பூனைத் தீவனங்களிலேயே டாரின் அளவைக் கூட்டினார்கள்.

அதனால் மகள் சென்னையில் எந்தத் தீவனம் போட்டாளோ அதையே வாங்கிப் போடுங்கள். மாற்றுவதானால் ஏழு நாள், பத்து நாள் எடுத்துப் பழையதில் புதியதைக் கலந்து மாற்ற வேண்டும். ஒரு வயது வரை குட்டித் தீவனம், மூன்று நாலு வேளையாக. அளவு பையிலேயே எடை வாரியாகப் போட்டிருக்கும். வளர்ந்த நாலு கிலோ பூனைக்கு உலர் தீவனம் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூனை கேட்டதென்று கூட்டாதீர்கள், அது எப்போதும் கேட்கும். வேகவைத்த கோழிக்கறி, முள் எடுத்த மீன் பக்கத்தில் கொஞ்சம் தரலாம். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புக் கறி கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தண்ணீரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் மண்சட்டியில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: பசியெடுத்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு நாள் முழுசாய்த் தின்னாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கிவிடும், பருத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

வெயில். உங்கள் பக்கத்துச் சித்திரை வெயில் இதற்குத் தாங்காது. குட்டை மூக்கில் மூச்சு விட்டு உடம்பைத் தணிப்பது கஷ்டம், வியர்ப்பதும் உள்ளங்காலில்தான். பத்து மணிக்கு மேல் ஓட்டு வீட்டு அறை, ஃபேன், சிமெண்ட் தரை என்று உள்ளேயே இருக்கட்டும். நாய் போல வாயைத் திறந்து இரைத்தால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள், பூனைக்கு அது ஆபத்தின் அடையாளம். ஈரத் துணியால் துடைத்து ஃபேனடியில் வைத்துக்கொண்டு ஃபோன் போடுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இனி மகள் விஷயம். பூனையைத் துரத்த வேண்டாம். பயப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்ற பூனைக்கு அது தொற்றும். பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, ஓரிரு வாரம் மட்டும் மலத்தில் வெளியேறும். அந்த மலமும் விழுந்தவுடன் தொற்றாது. ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆக வேண்டும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடிந்தது. அதை மகள் செய்யக் கூடாது, நீங்களோ அம்மாவோ செய்யுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். மகளும் அரைவேக்காட்டுக் கறி, கழுவாத கீரை, வெறுங்கையால் தோட்டத்து மண் கிளறுவது மூன்றையும் தவிர்க்கட்டும். மகப்பேறு மருத்துவரிடமும் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு அந்தப் பூனையைவிடப் பட்டிதான் அதிக ஆபத்து. ஆடு குட்டி போடும் இடம், குட்டி வீசிய (கருக்கலைந்த) ஆடு, நஞ்சுக்கொடி எதன் பக்கமும் அவள் போகக் கூடாது. டாக்சோபிளாஸ்மா மட்டுமல்ல, கன்று வீச்சு நோய்க் (புரூசெல்லோசிஸ்) கிருமியும் அங்கிருந்து மனிதருக்கு வரும். டாக்சோபிளாஸ்மாவால் செம்மறியும் குட்டி வீசும் என்பதால் உங்கள் வரும்படிக்கும் இதில் சம்பந்தம் உண்டு. தவிடு, மக்காச்சோளம், கடலைக்கொடி குவித்த இடத்தில் பூனை மலம் கழிக்காமல் தார்ப்பாயால் மூடுங்கள். பெர்சியனைவிடச் சாளையில் சுற்றும் நாட்டுப் பூனைகள்தான் அங்கே போகும்.

எலி பிடிக்க விடலாமா என்றால், வேண்டாம். தெருநாய் துரத்தினால் இந்தப் பூனை மரமேறித் தப்பிக்கும் வேகக்காரன் இல்லை. புரோமடியலோன் என்ற எலி மருந்தைத் தின்ற எலியைத் தின்றால் அந்த விஷம் பூனைக்கும் ஏறும். கண்வலிக்கிழங்கு வேறு வைத்திருக்கிறீர்கள். கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கோல்ச்சிசின் எல்லா உயிருக்கும் நஞ்சு. விதை காயும் களத்தில் புரண்டு வந்து உடம்பை நக்கினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். வளைகாப்புக்குச் சென்னைத் தோழிகள் பூங்கொத்து கொண்டுவந்தால் அதில் லில்லி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மகரந்தத் தூளை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகும்.

தடுப்பூசிப் புத்தகத்தை மகளிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு மாதத்தில் தொடங்கி நாலு மாதம் வரை போடும் முக்கூட்டுத் தடுப்பூசி, மூன்று மாதத்துக்கு மேல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிக்கு மறு ஊசி. விட்டுப்போயிருந்தால் இப்போதே போடலாம். பத்து மாதக் கடுவன் என்பதால் காயடிக்கவும் இதுவே நேரம். இல்லாவிட்டால் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சும், அந்த வாடையை எந்த ஃபினாயிலும் போக்காது. அதற்குப் போகும்போதே சிறுநீரகத்தை ஸ்கேன் செய்யக் கேளுங்கள். பெர்சியனில் மூன்றில் ஒன்றுக்காவது சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரைக் கோளாறு இருந்ததாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, பத்து மாதத்துக்கு மேல் ஸ்கேனில் தெரியும். கடுவனுக்கே உரிய ஒரு அவசரமும் உண்டு: மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று எண்ணெய் புகட்டிக்கொண்டிருக்காதீர்கள். மூத்திர வழி அடைத்திருக்கும். அன்று இரவே ஓட வேண்டியது அது.

உங்களுக்கு உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி வண்டியில் வைத்துக் கொண்டு போகாதீர்கள், இந்த மூக்குக்கு அது மூச்சு முட்டும். மூடியுள்ள காய்கறிக் கூடையில் அது படுத்த பழைய துண்டை விரித்து, காற்று போகிற மாதிரி மூடிக் கட்டி, விடியற்காலை வெயிலுக்கு முன் கிளம்புங்கள். அன்றைய மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், உண்ணி மருந்துச் சீட்டையும்.