பீரோ சாவியை எடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ என்ற இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் செய்தோம். இப்போது நன்றாகவே இருக்கிறாள். ஃபைலைப் பார்த்தால் பயந்துவிடுவாள் என்று அவள் கண்ணில் படாமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். கடைசியாக எக்கோ எடுத்தது 12 வயதில். அவளால் எல்லாரையும் போல வாழ முடியுமா? குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: இதே கேள்வியை எத்தனையோ அம்மாக்கள் எழுதிக் கேட்டுவிட்டார்கள். "முடியும், கவலைப்படாதீர்கள்" என்ற பதிலை எதிர்பார்த்திருப்பீர்கள். அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த பீரோ சாவியை எடுங்கள்.

நெஞ்சின் நடுவே ஏன் ஒரு கோடு ஓடுகிறது என்பது உங்கள் மகளுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். ஏதோ ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டார்கள் என்ற அளவுக்கு. நாளைக்கு வெளியூரில் மயங்கி விழுந்தால் எமர்ஜென்சி டாக்டர் யாரிடம் கேட்பார், உங்கள் பீரோவிடமா?

அந்த ஆபரேஷனில், கீழறைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்கு ரத்தம் போகும் குறுகலான வழியை அகலப்படுத்துவார்கள். ரொம்பக் குறுகலாக இருந்தால் அந்த வழியில் இருக்கும் வால்வையும் தாண்டி வெட்டி ஒட்டுப் போட்டிருப்பார்கள். அப்படிச் செய்திருந்தால் அந்த வால்வு சரியாக மூடாது, ரத்தம் திரும்பக் கசிந்துகொண்டே இருக்கும், வலது கீழறை அதை வருஷக்கணக்கில் வெளியே காட்டாமல் தாங்கித் தாங்கிப் பெருத்துக்கொண்டே போகும். நீங்கள் "நன்றாகவே இருக்கிறாள்" என்று எழுதுகிறீர்களே, அது இந்தக் காலமாகவும் இருக்கலாம். மூச்சு வாங்குவதும் படபடப்பும் நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் சிலருக்கு அந்த அறை பழைய அளவுக்குத் திரும்பாதபடி விரிந்திருக்கும். துடிப்பின் ஒழுங்கும் கெடலாம். அதனால்தான் எக்கோ, ஈசிஜி, அவ்வப்போது எம்ஆர்ஐ என்று ஆயுள் முழுக்கப் பார்க்கச் சொல்கிறார்கள். வால்வு மாற்ற வேண்டி வந்தால், பலருக்கு இப்போது நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே மாற்றிவிடுகிறார்கள். ஆனால் நேரம் தவறாமல் போனால்தானே?

ஏழு வருஷமாகப் பரிசோதனைக்கே போகவில்லை! அவள் பயப்படுவாள் என்பதெல்லாம் சாக்கு. பயந்தது நீங்கள். பத்து மாதக் குழந்தையை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொடுத்துவிட்டு வெளியே நின்ற பயம், அது எளிதில் போகாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அவள் உடம்பைப் பற்றி அவளுக்கே தெரியாமல் வளர்ப்பதை என்னால் ஏற்க முடியாது. பிள்ளையைக் காப்பாற்றுவது பெற்றோர் கடமை. வளர்ந்த பிள்ளையிடம் அதன் உடம்பை ஒப்படைப்பதும் கடமைதான். பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கோளாறை முதன்முதலாக முழுமையாகச் சரிசெய்தது 1954-ல். இன்று ஆபரேஷன் ஆன குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகிறார்கள். எவ்வளவு ஓடலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதைப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்வார், நீங்களாக அவளை உட்கார வைக்காதீர்கள். குழந்தையும் பெரும்பாலோரால் பெற முடிகிறது. ஆனால் கருத்தரித்த பிறகு டாக்டரிடம் ஓடக் கூடாது, முன்பே இதயத்தைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். பிறக்கும் குழந்தைக்கும் இதயக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால் வயிற்றில் இருக்கும்போதே எக்கோ பார்ப்பார்கள். பல் டாக்டரிடம் போனாலும் ஆபரேஷனைச் சொல்ல வேண்டும், வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்காரலாம். கல்யாணம் பேசும்போது மறைக்கலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கட்டிக்கொள்ளப்போகிறவனிடம் அவளே சொல்லட்டும்.

இந்த மாதமே, பிறவி இதயக் கோளாறுள்ள பெரியவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். ஃபைலை முந்தின நாளே அவள் கையில் கொடுத்துவிடுங்கள், படிக்கட்டும், அழுதால் அழட்டும். டாக்டர் கேட்பதற்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அப்புறம் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்காருங்கள். கருத்தடை மாத்திரையில் எது தனக்கு ஆகும், எது ஆகாது என்பதை உங்களை வைத்துக்கொண்டு அவள் கேட்கப்போவதில்லை.