கடினமான மனிதர்களோடு எப்படி? ரீச்சரிடம் கேளுங்கள்

நான் மட்டக்களப்பு கல்லடியில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். சபைக் குடும்பங்களின் பிணக்குகளைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தது. முதலில் ஒன்று: யாரோடு மனஸ்தாபமோ அவரிடம் தனியாக, நேரே போங்கள் (மத்தேயு 18:15). ஜெபக்குறிப்பு என்று சொல்லி அவர் குறையை நாலு பேருக்குப் பரப்ப வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி, மருமகன்: மாமி வீட்டில்தான் இருக்கிறோம். நான் சாப்பிடுவதைக்கூடக் கணக்குப் பார்க்கிறா.

நம் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. வீட்டை எழுதிக் கொடுத்த அன்றே உங்கள் மாமி தன் குசினியிலேயே விருந்தாளி ஆகிவிட்டா. சாப்பாட்டுக் கணக்கு அந்தப் பயத்தில்தான் பிறக்கிறது. விடியச் சந்தைக்குப் போகும்போது, "மாமி, என்ன மீன் வாங்கட்டும்?" என்று ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள். பிறகும் சுடுசொல் வந்தால் மனைவியைத் தூது அனுப்பாமல் நீங்களே, "நேற்றுச் சொன்னது எனக்கு நொந்தது மாமி" என்று சொல்லுங்கள். நேற்றையதை மட்டும். ஐந்து வருடக் கணக்கை அவிழ்க்காதீர்கள்.

வந்தாறுமூலை: பக்கத்து வளவுக்காரர் வருடா வருடம் வேலியைத் தள்ளுகிறார். மன்னிப்பதா?

மன்னியுங்கள், காணியை அளக்கவும் செய்யுங்கள். பேசித் தீராவிட்டால், பிணக்குகளை இணக்கமாகத் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது.

வாழைச்சேனை, சகோதரி: புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுத்து ஜெபி என்கிறார்கள் மூப்பர்கள். அக்கா வீடு பக்கத்தில்தான்.

தங்கச்சி, பிள்ளைகளோடு இன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மருந்து, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவுக்குப் போகலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். நீங்கள் போவதால் அன்பு குறைந்துவிடாது. அவர் மேலும் பாவம் செய்ய ஒரு வாய்ப்பைத்தான் மறுக்கிறீர்கள்.

அக்கரைப்பற்று, சகோதரர்: மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே இயேசு. நீங்கள் பொலிஸுக்கு அனுப்புகிறீர்கள்.

வசனத்தில் இருப்பது வலது கன்னம். வலக்கையால் வலது கன்னத்தில் அடிப்பதென்றால் புறங்கையால்தான் முடியும். அது அவமதிக்கும் அடி. அவமானத்துக்குப் பழி வாங்காதே என்கிறார், எலும்பு முறியும் வரை நில் என்று சொல்லவில்லை. சேவகன் அறைந்தபோது அவரே, "என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார் (யோவான் 18:23). பவுலும் தன் வழக்கை ரோமப் பேரரசனே விசாரிக்கட்டும் என்று இராயனிடம் அபயமிட்டார்.

ஆரையம்பதி: அப்படியானால் இயேசுவைக் குறித்துச் சொல்லும் ஏசாயா 53:7? "தம்முடைய வாயைத் திறக்கவில்லை."

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். அவர் தம் ஜீவனைத் தாமாகவே கொடுத்தார். ஒருவனும் அதை எடுத்துக்கொள்ள முடியாது என்றார் (யோவான் 10:18). அந்தத் தங்கச்சி எதையும் தெரிந்தெடுக்கவில்லை. தாமாகச் சுமந்த சிலுவையை இன்னொருத்தியின் தோளில் தூக்கி வைக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?

அக்கரைப்பற்று, சகோதரர்: அப்படியானால் சகிப்பே தேவையில்லையா?

தேவை. மாமியின் கணக்கைச் சகியுங்கள். சபையில் உங்கள் கதிரையில் வேறொருவர் இருப்பதைச் சகியுங்கள். அடியைச் சகிக்கும்படி மற்றவருக்குச் சொல்லாதீர்கள். இதற்கு மேல் இதில் எழுதமாட்டேன்.

கல்முனை: நாத்தனார் புறம் பேசுகிறா.

மேலே முதல் பந்தி.

செங்கலடி: என் மச்சாளும் புறம் பேசுகிறா. அவவுக்காக எல்லோரும் ஜெபியுங்கள்.

இதைத்தான் வேண்டாம் என்றேன். நேரே போங்கள். இரவில் குரல்பதிவு அனுப்பாதீர்கள், விடிந்த பிறகு போங்கள்.

ஏறாவூர்ப்பற்று: மேலதிகாரி எல்லார் முன்னும் ஏசுகிறார்.

மெதுவான பதில் உக்கிரத்தை மாற்றும் (நீதிமொழிகள் 15:1). திகதியோடு எழுதியும் வையுங்கள்.

வாழைச்சேனைத் தங்கச்சி, அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள். நான் விழித்திருப்பேன்.