கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். புதுசு வாங்கத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போன ஜூலையில் எனக்கும் இதேதான்.

தாராவியில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ். நாலு நாள் விடாத மழை, சுவரெல்லாம் ஓதம். காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஓடுது, பீப் பீப் என்று நீளமாகச் சத்தம், மானிட்டர் கறுப்பு. மறுநாள் ஒரு பத்திரிகை அச்சுக்குப் போகணும். சிபியுவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மாஹிமில் ரயில் ஏறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி, நானும் வீட்டுக்காரரும் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டுக்குத் தூக்கிப் போனோம். கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு உட் கயா", அதாவது போர்டு போய்விட்டதாம். புது போர்டு, அதற்கேற்ற ராம் (போர்டில் செருகும் மெமரிப் பட்டை), எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். அந்த மெஷினில் உழைக்கிறவள் நான். அவர் பேசினதெல்லாம் என் வீட்டுக்காரரிடம். "பீப் சத்தம் வருதே" என்று நான் கேட்டதற்கும் அவரைப் பார்த்தே பதில். அந்தக் கோபத்தில்தான் திரும்பத் தூக்கிட்டு வந்தேன்.

போர்டோடு வந்த சின்னப் புத்தகத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தால் ராமைப் பார் என்று அதில் இருந்தது. யோசித்துப் பாருங்கள், போர்டு அடியோடு செத்திருந்தால் பீப் எப்படி வரும்?

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்ச கரண்ட் வடிய பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தினேன். கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு இரண்டு ராமையும் எடுத்தேன். தங்க நிறப் பற்கள் மங்கிப்போயிருந்தன. மகனின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஒன்றை மட்டும் 'டக்' சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகினேன். வந்துவிட்டது! அப்புறம் இரண்டாவதையும் போட்டேன். தேதி மட்டும் பழைய வருஷத்தைக் காட்டியது. போர்டிலுள்ள 3 வோல்ட் பட்டன் செல் (சிஆர்2032) தீர்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். பத்திரிகை சொன்ன நேரத்துக்குப் போனது.

ரப்பர் கூடாது, ஐசோபுரோபைல் ஆல்கஹால்தான் சரி என்று சிலர் வருவீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு என் கையில் இருந்தது ரப்பர்தான். எல்லாக் கடைக்காரரையும் நான் குறை சொல்லவும் இல்லை. போர்டு நிஜமாகவே போவதும் உண்டு. ஆனால் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

உங்களுக்கு பீப் வரவில்லையென்றால் ஸ்பீக்கரே இல்லாத கேபினட்டாக இருக்கலாம். பிராசஸர் பக்கத்தில் 4 அல்லது 8 பின் வயர் ஒன்று செருகியிருக்கும், அது தளர்ந்தாலும் ஃபேன் சுற்றும், படம் வராது. கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும், போர்டில் இல்லை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். நம்ம 230 வோல்ட் உள்ளே 320க்கு மேல் டிசியாக மாறி நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: அப்படி ராத்திரி முழித்து முடித்த வேலைக்குக் காசு கேட்டால், "கம்ப்யூட்டர்தானே அடிக்குது, இதுக்கு இவ்வளவா?" என்கிறார்கள். மேட்டரை வாய்ஸ் மெசேஜில் அனுப்புவார்கள், ஒரு பெரியப்பா பெயரை அவர்களே விட்டிருப்பார்கள், அச்சான பிறகு சண்டை என்னிடம். தமிழ் எழுத்துப் பிழை பார்த்துத் திருத்துவதும் உழைப்புதானே?

பீப் எத்தனை தடவை வருது, போர்டில் என்ன மாடல் எழுதியிருக்கு என்று கீழே போடுங்கள். பிள்ளைகள் தூங்கினதும் பார்த்துச் சொல்கிறேன்.