பினாங்கில் வீட்டுப் பின்புறத்திலிருந்து நெபுலா (விண்ணில் ஒளிரும் வாயு மேகம்) படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?

கேள்வி கேட்டவரிடம் முகப்பு லென்ஸ் 80 மி.மீ. அகலமுள்ள ரிஃப்ராக்டர் தொலைநோக்கி இருக்கிறது. குவியத்தூரம் 480 மி.மீ. வானம் சுழலும் போக்கில் தொலைநோக்கியைத் திருப்பும் ஓர் ஈக்குவடோரியல் மவுண்டும் பழைய கேனன் டிஎஸ்எல்ஆரும் கைவசம் உள்ளன. அடுத்ததாக, ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள முழுச்சட்டக் கேமரா வாங்கலாமா, வானப் படத்துக்கென்றே விற்கும் கேமரா வாங்கலாமா, அதிலும் வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பது கேள்வி.

நான் பினாங்கின் பாயான் பாருவில் ஒரு மூலை வீட்டில் இருக்கிறேன். பக்கத்தில் தொழிற்பேட்டை விளக்குகள், தெற்கே விமான நிலையம், வடக்கே அடுக்குமாடி. இந்த இடத்திலிருந்து சில வருடங்களாகப் படம் எடுத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சோனியின் ஐஎம்எக்ஸ் 533 சென்சார் உள்ள, குளிரூட்டும் வசதியுள்ள வண்ணக் கேமராவை வாங்குங்கள். முழுச்சட்டம் வேண்டாம். பெரிய சென்சாருக்குப் போகும் பணத்தைக் குளிரூட்டலுக்கும் ஒரு நல்ல ஃபில்டருக்கும் கொடுங்கள்.

இப்படிச் சொல்வதற்கு நம் ஊர் வெப்பம்தான் முதல் காரணம். நானும் டிஎஸ்எல்ஆரில்தான் தொடங்கினேன். ஓர் இரவு ஓரியன் நெபுலாவை மூன்று மூன்று நிமிடமாக ஒரு மணி நேரம் எடுத்தேன். வெளியே 27 டிகிரி. ஆனால் கேமரா தன் கோப்பில் பதிந்து வைத்த உள்வெப்பம் 38 டிகிரி. படத்தைத் திரையில் திறந்தபோது நட்சத்திரங்களைவிடச் சிவப்பும் பச்சையுமான புள்ளிகளே அதிகம். ஒளி படாவிட்டாலும் வெப்பத்தால் சென்சாரில் எலக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். இதை டார்க் கரண்ட் என்பார்கள். ஏறத்தாழ 6 அல்லது 7 டிகிரி கூடும்போதெல்லாம் அது இரண்டு மடங்காகும். அதே சென்சாரை 38-இலிருந்து மைனஸ் 4-க்கு இறக்கினால் குறைந்தது ஆறு முறை பாதியாகிறது, அதாவது 64-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். குளிர்நாட்டுக்காரர்கள் ‘டிஎஸ்எல்ஆரே போதும்’ என்று எழுதுவதை நம்பி நாம் முடிவெடுக்கக் கூடாது. அவர்களுக்கு இரவே குளிரூட்டி. நமக்கு அது கிடையாது.

இதைவிடவும் எனக்கு உதவியது வெப்பநிலை ஒரே அளவில் நிற்பது. மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்களைக் கழித்தால்தான் அந்தப் புள்ளிகள் போகும். டிஎஸ்எல்ஆரில் நேரம் ஆக ஆக வெப்பம் ஏறுவதால் டார்க் ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. குளிரூட்டிய கேமராவில் மைனஸ் 5 என்று வைத்தால் அது அங்கேயே நிற்கும். மழை பெய்யும் ஒரு நாளில் வீட்டுக்குள் உட்கார்ந்தே டார்க் எடுத்து வைத்துப் பல மாதம் பயன்படுத்தலாம். வானம் திறக்கும் அரிய மணி நேரங்களை இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. இந்த வகைக் கேமராக்கள் வெளி வெப்பத்தைவிட 30 முதல் 35 டிகிரி வரை குறைக்கும் என்று விளம்பரம் சொல்லும். எல்லை வரை விரட்டாதீர்கள். மைனஸ் 5 தாராளம், 0 டிகிரியே போதும்.

இப்போது அளவுக் கணக்கு. பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, மி.மீ. கணக்கிலுள்ள குவியத்தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க்செகண்டை (டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) பிடிக்கிறது என்று தெரியும். 533-இன் பிக்சல் 3.76 மைக்ரான். உங்கள் 480-க்கு 1.6 வருகிறது. நம் காற்றில் நட்சத்திரப் புள்ளி பொதுவாக 2, 3 ஆர்க்செகண்ட் பரவி நிற்கும். அதற்கு இது நல்ல பொருத்தம். சென்சார் பக்கத்துக்கு 11.3 மி.மீ. உள்ள சதுரம், எனவே வானத்தில் 1.35 டிகிரிச் சதுரம் கிடைக்கும். முழு நிலாவின் அகலம் அரை டிகிரி என்பதை நினைத்துக்கொண்டால் இந்த அளவு புரியும். ஓரியன் நெபுலா தாராளமாக உட்காரும். ரோசெட் நெபுலா ஏறக்குறைய சட்டத்தை நிறைக்கும். இந்த ரோசெட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது பினாங்கில் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே கடக்கிறது. காற்றின் மிக மெல்லிய பகுதி வழியாக, தாமான் (குடியிருப்பு) விளக்குகளிலிருந்து முடிந்தவரை விலகி அதைப் பார்க்கும் வாய்ப்பு ஐரோப்பாவில் இருப்பவருக்கு அமையாது.

சென்சார் சிறிதாக இருப்பதில் இன்னொரு நன்மை. 80 மி.மீ. தொலைநோக்கிகள் பலவும் முழுச்சட்டத்தின் மூலைவரை நட்சத்திரத்தைப் புள்ளியாக வைத்திருக்காது. மூலைகள் இருண்டு, நட்சத்திரங்கள் வால் முளைத்து நிற்கும். கடைசியில் வெட்டித்தான் எறிவீர்கள். அத்தோடு, சாதாரணக் கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், நெபுலாவின் சிவப்பு ஒளியில் (ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர்) பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வானப் படக் கேமராவில் அந்தத் தடை இல்லை. பணம் தடையில்லை என்றால் ஐஎம்எக்ஸ் 571 என்ற பெரிய சென்சார் இருக்கிறது. அதே பிக்சல், உங்கள் தொலைநோக்கிக் குழாயில் நீளவாக்கில் 2.8 டிகிரி. தெற்கே 25 டிகிரி உயரத்துக்கு மட்டுமே ஏறும் கரீனா நெபுலா முழுதாக வேண்டுமென்றால் அதுதான் வேண்டும். ஆனால் முதல் கேமராவுக்கு அவசியமில்லை.

கறுப்பு வெள்ளைக் கேமரா நுணுக்கமாகப் படம் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். வண்ணக் கேமராவில் ஹைட்ரஜன் ஒளியை நான்கில் ஒரு பிக்சல்தான் வாங்கும். ஆனால் கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி ஃபில்டரில் எடுக்க வேண்டும். சிவப்பை முடித்துப் பச்சைக்கு மாறும்போது பினாங்கு மலைப்பக்கத்திலிருந்து மேகம் வந்துவிட்டால் அந்த இரவு அரைகுறைதான். வண்ணக் கேமராவில் நாற்பது நிமிடம் கிடைத்தாலும் நாற்பது நிமிடத்துக்கு முழுப்படம். ஒவ்வொரு படத்தையும் 60 முதல் 120 வினாடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் வந்தால் ஒன்றிரண்டுதான் வீணாகும்.

கேமராவோடு சேர்த்தே இரட்டைப் பட்டை ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். அது ஹைட்ரஜனின் சிவப்பையும் ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் நீலப்பச்சையையும் மட்டும் விட்டு மற்றதையெல்லாம் நிறுத்தும். தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு எரிந்த காலத்தில் அந்த ஒரு நிறத்தை வெட்டும் ஃபில்டரே போதுமாக இருந்தது. இப்போதைய வெள்ளை எல்ஈடி எல்லா நிறத்திலும் கொட்டுவதால் அந்தப் பழைய ஃபில்டர்களால் பெரிய பயனில்லை. ஒமேகா சென்டாரி போன்ற நட்சத்திரக் கொத்துக்கும் காலக்ஸிகளுக்கும் மட்டும் இரட்டைப் பட்டை ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும்.

சரி, ஈரப்பதம். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நம் ஊர் இரவில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். சென்சார் இருக்கும் அறைக்குள் சிறிது ஈரம் புகுந்தாலும் மைனஸில் அது பனியாக உறையும். இரண்டாவது வருடம் என் படங்களின் நடுவில் பூப்போல ஒரு வெண்மை தெரிந்தது. நெபுலா என்று நினைத்து மகிழ்ந்தேன். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைபனி என்று புரிந்தது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் வில்லைகளை வருடத்துக்கு இரண்டு முறையாவது எடுத்து உலர்த்துங்கள். முகப்புக் கண்ணாடிக்கு ஹீட்டர் உள்ள மாடலாகப் பாருங்கள். தொலைநோக்கியின் முன்பக்கத்துக்கும் ஒரு ஹீட்டர் பட்டை கட்டுங்கள், இல்லாவிட்டால் பதினோரு மணிக்குள் லென்ஸ் வியர்த்துவிடும். படம் எடுத்து முடிந்ததும் எல்லாம் டிரை பாக்ஸுக்குள் போக வேண்டும். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

மவுண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேமரா வாங்கும் முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். பினாங்கில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஐந்து டிகிரிதான். அடுக்குமாடிக்குப் பின்னால் அதைத் தேடவே முடியாது. பல மவுண்டுகளை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பிப் போட்டோ ஒரு காலை நீட்டியோ சரிசெய்ய முடிகிறதா என்று பாருங்கள். துருவத்தைப் பார்க்காமலே, வானத்தில் மூன்று இடங்களைப் படமெடுத்து அச்சைச் சரிசெய்யும் வசதி நைனா (N.I.N.A.) என்ற வானப் பட மென்பொருளில் இருக்கிறது. அதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். அப்புறம், நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஒரு சிறிய கைடு கேமராவுக்கும் பணம் ஒதுக்குங்கள். கைடிங் இல்லாமல் குளிரூட்டிய கேமரா வைத்து நீள நட்சத்திரத்தைத்தான் எடுக்க முடியும்.

ஃபீல்டு ஃபிளாட்னர் (ஓரத்து நட்சத்திரங்களையும் புள்ளியாக வைக்கும் லென்ஸ்) போடுவதாக இருந்தால், அதிலிருந்து சென்சார்வரை பெரும்பாலும் 55 மி.மீ. இடைவெளி வேண்டும். இந்தக் கேமராக்கள் பலவற்றில் முகப்பிலிருந்து சென்சார்வரை 17.5 மி.மீ. பெட்டியில் வரும் 16.5, 21 மி.மீ. வளையங்களைச் சேர்த்தால் சரியாக 55. வளையங்களைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேனனை விற்க வேண்டாம். கேமரா வந்து சேரும்வரை ஒமேகா சென்டாரியில் பழகுங்கள். நட்சத்திரக் கொத்துக்கு அது போதும். வியாழன், சனி எடுக்க ஆசை என்றால் 480 மி.மீ. குழாயில் அவை சின்னப் பொட்டுகள்தான், அது வேறு கருவி, வேறு கேள்வி.

நாள் பார்ப்பது எளிது. நம் பக்கம் வானம் ஓரளவு திறந்திருப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மார்கழித் திருவாதிரையும் தைப்பூசமும் முழு நிலாவை ஒட்டி வருபவை. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இருட்டான இரண்டு வாரங்களுக்குள் கேமரா கைக்கு வருமாறு ஆர்டர் போடுங்கள். ஓரியன் அப்போது இரவு பத்து, பதினொரு மணிவாக்கில் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும்.